தோப்பைப் பார்த்துவரச் சொன்னது அவிசுவாசமா?

கடிதம் எழுதிய சகோதரிக்கு வயது 43. தென் மாவட்டம் ஒன்றைச் சேர்ந்தவர். கணவர் இறந்த பிறகு, ஆறு ஆண்டுகளுக்கு முன் இஸ்ரேலுக்கு வேலைக்குப் போனார். எருசலேமுக்குப் பக்கத்தில் 88 வயது யூத மூதாட்டி ஒருவரை வீட்டோடு தங்கிப் பராமரிக்கிறார். அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகளைப் போலவே இவரும் அவரை 'ஸாவ்தா', அதாவது பாட்டி, என்றுதான் கூப்பிடுகிறார். மகளும் மகனும் ஊரில் இவருடைய அம்மாவிடம் வளர்கிறார்கள். மகள் பிளஸ் டூ.

ஊரில் அண்ணன் ஒரு தென்னந்தோப்பு பார்த்திருக்கிறார். கைக்காசில் 2 லட்சம் அட்வான்ஸும் கொடுத்துவிட்டார். மீதிக்குத் தங்கையின் சேமிப்பு 18 லட்சத்தைக் கேட்கிறார். பத்திரம் தன் பெயரில்தான் இருக்கும், பிறகு எழுதித் தருகிறேன் என்கிறார். சகோதரிக்கு மனம் ஒப்பவில்லை. சித்தப்பா மகனை அனுப்பித் தோப்பைப் பார்த்துவரச் சொன்னார். போய்ப் பார்த்தவர் சொன்னது இது: மரங்கள் நன்றாக இருக்கின்றன, கோடையில் கிணறு வற்றிவிடுகிறது, வண்டிப்பாதை பற்றித் தகராறு இருக்கிறது, நிலம் நான்கு பங்காளிகளுக்குச் சேர்ந்தது, அதில் ஒருவர் கையெழுத்துப் போட மறுக்கிறார். இதை இவர் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அண்ணன் கோபத்தில் பேச்சை நிறுத்திவிட்டார். சபை மூப்பர் போன் செய்து, "கானானை வேவு பார்க்கப் போன பத்துப் பேரைப்போல நீ துர்ச்செய்தி பரப்புகிறாய். விசுவாசம் இல்லாததால்தான் இன்னும் வனாந்தரத்தில் அலைகிறாய்" என்று சொல்லியிருக்கிறார்.

அந்த வாரச் சனிக்கிழமை, ஸாவ்தா வீட்டு மேசையில் பேரன் எடுத்துப் பேசிய தோரா (மோசேயின் ஐந்து ஆகமங்கள்) பகுதியும் அதே வேவுகாரர் கதைதான். கானானுக்குள் நுழையும் முன் மோசே பன்னிரண்டு பேரை வேவு பார்க்க அனுப்பினார். பத்துப் பேர் நம்மால் ஆகாது என்றார்கள், யோசுவாவும் காலேபும் மட்டும் முடியும் என்றார்கள். பத்துப் பேர் பேச்சை நம்பிய ஜனங்கள் நாற்பது வருஷம் வனாந்தரத்தில் அலைய வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து இவருக்குத் தூக்கம் இல்லை. "ஆண்டவரே இரண்டு வாயால் பேசிவிட்டார் என்று தோன்றுகிறது. கீழ்ப்படியாமல் இருந்துவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை முழுப் பணத்தையும் அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். வீட்டில் எல்லோர் கண்ணுக்கும் நான் ஒரு ஏடிஎம் மிஷின்தான், அதையாவது ஒழுங்காகச் செய்கிறேன்" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பணத்தை அனுப்ப வேண்டாம். அனுப்பவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இந்த மனநிலையில், இந்தக் காரணத்துக்காக அனுப்பாதீர்கள். நான் குடும்பநல ஆலோசகர். பழைய ஏற்பாட்டைப் பல ஆண்டுகளாகப் படித்தும் கற்பித்தும் வருகிறேன். உங்கள் பயத்தையும், அந்தப் பயத்துக்குக் காரணமான கதையையும் சேர்த்துப் பேசினால்தான் உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

ஒரே வாரத்தில் அந்தக் கதை இரண்டு இடங்களிலிருந்து வந்தது உங்களை உலுக்கியிருக்கிறது. அது எனக்குப் புரிகிறது. ஆனால் யூதர்கள் ஐந்து ஆகமங்களையும் 54 பகுதிகளாகப் பிரித்து, ஓராண்டுக்குள் வாசித்து முடிக்கிறார்கள். எந்த வாரம் எது என்பது முன்கூட்டியே நாள்காட்டியில் இருக்கும். 'ஷெலாஹ்' என்று அவர்கள் சொல்லும் பகுதி, நம் வேதத்தில் எண்ணாகமம் 13 முதல் 15 வரையுள்ள அதிகாரங்கள். அது பெரும்பாலும் ஜூன் மாதத்தில் வரும். உங்கள் அண்ணன் தோப்பு பார்க்காமல் இருந்திருந்தாலும் அந்த வீட்டுப் பேரன் அன்று அதைத்தான் பேசியிருப்பார். மூப்பர் சொன்னதற்கு மேலே இருந்து விழுந்த முத்திரையாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மோசேயும் கேள்வி கேட்டுத்தான் அனுப்பினார்

மூப்பர் சொன்னதற்கு அடிப்படையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 11-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ராஷி, யூதர்கள் இன்றும் முதலில் புரட்டும் உரையாசிரியர், ஆள் அனுப்ப வேண்டும் என்று கேட்டதிலேயே ஒரு குறை இருந்தது என்றுதான் எடுத்துக்கொள்கிறார். தேசம் நல்லது என்று கர்த்தர் ஏற்கெனவே சொல்லிவிட்டார், பிறகு எதற்கு வேவு என்பது அவர் வாதம். ஆனால் அந்த வாதம் எதன்மேல் நிற்கிறது என்று பாருங்கள். 'தேசம் நல்லது' என்று கர்த்தர் சொல்லியிருந்தார். உங்கள் ஊர்த் தோப்பைப் பற்றி அவர் எங்கே சொன்னார்? ஆபிரகாமுக்குக் கொடுத்த வாக்குத்தத்தம் கானானுக்கு உண்டு. அண்ணன் பேசிவைத்த கிரயத்துக்கு அப்படி ஒன்று கிடையாது. மூப்பர் உங்களை நேசிக்கிறவராக இருக்கலாம், நல்ல ஜெபவீரராகவும் இருக்கலாம். அதற்காக ஒரு நிலப் பேரத்தில் அவருடைய யோசனை தெய்வக் கட்டளை ஆகிவிடாது. அதைக் கேள்வி கேட்பது கீழ்ப்படியாமையும் ஆகாது.

அடுத்து, மோசே அந்தப் பன்னிரண்டு பேரிடம் சொல்லி அனுப்பியதை நிதானமாக வாசியுங்கள். அங்கே இருக்கும் ஜனங்கள் பலசாலிகளா பலவீனரா, கொஞ்சம் பேரா நிறையப் பேரா, தேசம் நல்லதா கெட்டதா, கூடாரங்களில் இருக்கிறார்களா கோட்டைகளிலா, நிலம் வளமா வறட்சியா, மரம் இருக்கிறதா இல்லையா. இத்தனையும் மோசே கேட்டது. நீங்கள் சித்தப்பா மகனிடம் தண்ணீரையும் பாதையையும் பங்காளிகளையும் விசாரிக்கச் சொன்னதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

அவர்கள் நாற்பது நாள் கழித்துத் திரும்பி வந்து சொன்ன முதல் செய்தியும் உண்மைதான். எஸ்கோல் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு திராட்சைக் குலையைத் தடியில் கட்டி இரண்டு பேர் சுமந்து வந்தார்கள். மாதுளையும் அத்திப்பழமும் கொண்டு வந்தார்கள். தேசத்தில் பாலும் தேனும் ஓடுகிறது, ஆனால் ஜனங்கள் பலசாலிகள், பட்டணங்கள் அரணானவை என்றார்கள். கேட்டதற்குப் பதில். 13-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த நாக்மனிடிஸ் என்ற யூத உரையாசிரியர் இதைத்தான் எடுத்துச் சொல்கிறார். ஒரு தேசத்துக்குள் போகிறவர்கள் முன்னால் ஆள் அனுப்பிப் பார்ப்பது உலக வழக்கம். எதிரியின் பலத்தைச் சொன்னதில் தவறில்லை, அதுதான் அவர்களுக்குக் கொடுத்த வேலை. அந்தப் பலத்துக்கு முன்னால் நம்மால் ஒருக்காலும் ஆகாது என்று அவர்களே தீர்ப்பும் சொன்னதில்தான் குற்றம் தொடங்கியது. அதற்கு அப்புறம் வந்ததெல்லாம் சரிவு. தன்னில் குடியிருப்பவர்களைப் பட்சிக்கிற தேசம் என்று அதைத் தூற்றினார்கள். ஜனங்கள் இரவெல்லாம் அழுதார்கள், எகிப்துக்குத் திரும்ப ஒரு தலைவனை ஏற்படுத்துவோம் என்றார்கள், யோசுவாவையும் காலேபையும் கல்லெறியப் பார்த்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. உங்கள் மூப்பர் அதை அறிந்திருக்க வாய்ப்பில்லை, ஸாவ்தாவின் பேரனுக்குத் தெரிந்திருக்கும். ஒவ்வொரு வாரத் தோரா பகுதியோடும் தீர்க்கதரிசிகளின் புத்தகங்களிலிருந்து ஒரு பகுதியை ஜெப ஆலயத்தில் வாசிப்பார்கள். வேவுகாரர் பகுதிக்குச் சேர்த்து வைத்திருப்பது எது தெரியுமா? யோசுவா இரண்டாம் அதிகாரம். எரிகோ பட்டணத்தில் ராகாப் என்ற பெண்ணின் வீடு, அங்கே சணல் தட்டைகளுக்குள் ஒளிந்த வேவுகாரர் இருவர், ஜன்னலில் கட்டிய சிவப்பு நூல். முதல் தடவை வேவு பார்த்ததால் ஒரு தலைமுறையே அழிந்ததைக் கண்ணால் கண்டவர் யோசுவா. அவரே மறுபடியும் இரண்டு பேரை எரிகோவைப் பார்த்துவர அனுப்புகிறார். விசாரிப்பதே பாவம் என்றால் அந்த மனிதர் அதைச் செய்திருப்பாரா?

விடியற்காலையில் மலை ஏறியவர்கள்

உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதுதான். பிரசங்கங்களில் வேவுகாரர் கதை பெரும்பாலும் நாற்பது வருஷத் தண்டனையோடு முடிந்துவிடும். வேதத்தில் அதற்குப் பிறகும் சில வசனங்கள் இருக்கின்றன. எண்ணாகமம் 14-ஆம் அதிகாரத்தில் கடைசி ஏழு வசனங்கள்.

தண்டனையைக் கேட்டதும் ஜனங்கள் துக்கப்பட்டார்கள். மறுநாள் விடியற்காலையில் எழுந்து, "நாங்கள் பாவம் செய்தோம், இதோ கர்த்தர் சொன்ன இடத்துக்குப் போகிறோம்" என்று மலை உச்சியை நோக்கிப் புறப்பட்டார்கள். கேட்பதற்கு மனந்திரும்புதல் போலவே இருக்கிறது, இல்லையா? நேற்று 'போகமாட்டோம்' என்றவர்கள் இன்று 'போகிறோம்' என்கிறார்கள். ஆனால் மோசே அவர்களைத் தடுத்தார். ஏன் கர்த்தரின் கட்டளையை மீறுகிறீர்கள், போகாதீர்கள், அவர் உங்கள் நடுவில் இல்லை என்றார். அவர்கள் கேட்கவில்லை. உடன்படிக்கைப் பெட்டியும் மோசேயும் பாளயத்தைவிட்டு நகரவே இல்லை. இவர்கள் மட்டும் ஏறினார்கள். அமலேக்கியரும் கானானியரும் இறங்கி வந்து ஓர்மா வரைக்கும் அவர்களை முறியடித்தார்கள்.

ஒரே அதிகாரத்தில் இரண்டு கீழ்ப்படியாமைகள். போகச் சொன்னபோது பயந்து நின்றது ஒன்று. நிற்கச் சொன்னபோது குற்ற உணர்ச்சியில் பாய்ந்தது இன்னொன்று. முதலாவதைப் பற்றி மூப்பர் உங்களுக்குச் சொன்னார். உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரிவது இரண்டாவது. 'கீழ்ப்படியாமல் இருந்துவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை முழுப் பணத்தையும் அனுப்பிவிடலாம்' என்று நீங்கள் எழுதியதை, அந்த விடியற்காலைக் கூட்டத்தின் பேச்சோடு சேர்த்து வாசித்துப் பாருங்கள். தோப்பில் தண்ணீர் வற்றுவது நேற்றும் உண்மை, இன்றும் உண்மை. நான்காவது பங்காளி இன்னும் கையெழுத்துப் போடவில்லை. நிலவரத்தில் எதுவும் மாறவில்லை. உங்களுக்குள் குற்ற உணர்ச்சி ஏறியது மட்டும்தான் மாறியிருக்கிறது. அந்த வலியை நிறுத்த 18 லட்சம் கொடுக்கப் பார்க்கிறீர்கள்.

ஆலோசனை அறையில் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். குறிப்பாக, வெளிநாட்டில் வேலை செய்யும் பெண்களிடம். பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தோம் என்ற உறுத்தல் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. யாராவது ஒருவர் அதைத் தொட்டுவிட்டால், கேட்டதையெல்லாம் கொடுத்துவிடத் தோன்றுகிறது. கொடுத்த அன்று இரவு நிம்மதியாக இருக்கும். அடுத்த மாதம் அதே உறுத்தல் புதுக் காரணத்தோடு வரும். கொடுப்பதற்கு அப்போது கையில் எதுவும் இருக்காது. விசுவாசத்தில் எடுக்கும் முடிவு இரண்டு வாரம் காத்திருந்தாலும் கெட்டுப்போகாது. உங்களுடைய முடிவோ ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டினால் கலைந்துவிடுமோ என்று அவசரப்படுகிறது. அந்த அவசரம்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

வாட்ஸ்அப் குழுவும் வெட்டுக்கிளியும்

உங்கள் பக்கம் பிழையே இல்லை என்று சொல்லி நான் இந்தப் பதிலை முடித்தால், உங்களுக்கு நல்லது செய்தவனாக மாட்டேன். இரண்டு இடங்களில் நீங்கள் அந்தப் பத்துப் பேர் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறீர்கள்.

முதலாவது, செய்தியை எங்கே சொன்னீர்கள் என்பது. பத்து வேவுகாரரும் திரும்பி வந்ததும் மோசே, ஆரோனோடு முழுச் சபைக்கும் முன்னால் செய்தியைக் கொட்டினார்கள். யாருக்கும் யோசிக்க நேரமில்லை. உடனே அழுகையும் கலவரமும். யோசுவா அனுப்பிய இருவரோ மலையில் மூன்று நாள் மறைந்திருந்து, ஆற்றைக் கடந்து நேராக யோசுவாவிடம் போய் நடந்ததைச் சொன்னார்கள். நீங்கள் கேட்டது நியாயமான விஷயம். அதை அண்ணனிடம் சொல்லும் முன் அத்தை, மாமா, மச்சான் எல்லோரும் இருக்கும் குழுவில் போட்டுவிட்டீர்கள். கைக்காசு 2 லட்சம் கொடுத்திருக்கும் மனிதர் அவர். எல்லோர் முன்னாலும் ஏமாந்தவராக நிற்க வேண்டியதாகிவிட்டது. அவருடைய கோபத்தில் பாதி தோப்பைப் பற்றியதாக இருக்காது. இதற்கு நீங்கள் மன்னிப்புக் கேட்கலாம். விசாரித்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

இரண்டாவது, அந்த ஏடிஎம் மிஷின். வேவுகாரர்கள் ஏனாக்கின் புத்திரர் என்ற இராட்சதரைப் பார்த்துவிட்டு, எங்கள் கண்ணுக்கு நாங்கள் வெட்டுக்கிளிகளைப்போல் இருந்தோம், அவர்கள் கண்ணுக்கும் அப்படியே இருந்தோம் என்றார்கள். யூத ஞானிகளின் விவாதங்களைத் தொகுத்த தல்மூதில் இதற்கு ஒரு ஞானி நேரடியாகக் கேள்வி கேட்கிறார். உங்கள் கண்ணுக்கு அப்படித் தெரிந்தது, சரி. அவர்கள் கண்ணுக்கு எப்படித் தெரிந்தீர்கள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

அதே கேள்வியை உங்களிடம் கேட்கிறேன். நீங்கள் பணம் அனுப்பும் இயந்திரம் என்று யாராவது உங்களிடம் சொன்னார்களா? அம்மா சொன்னாரா? பிளஸ் டூ படிக்கும் மகள் சொன்னாளா? உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு சம்பவம் கூட இல்லை. உங்களை நீங்களே அப்படிப் பார்க்கத் தொடங்கிவிட்டீர்கள், அதை அவர்கள் கண்ணில் வைத்துவிட்டீர்கள். ராகாபின் வீட்டில் ஒளிந்த இருவருக்கு அவள் சொன்னது நினைவிருக்கிறதா? உங்களைப் பற்றிக் கேள்விப்பட்டு எங்கள் இருதயம் கரைந்துபோயிற்று என்றாள். ஒரு தலைமுறை முழுக்கத் தங்களை வெட்டுக்கிளி என்று நம்பிக்கொண்டிருந்தது, எதிர்ப்பக்கத்து ஊரிலோ இவர்களை நினைத்து நடுங்கிக்கொண்டிருந்தார்கள். உங்கள் வீட்டாரும் உங்களை நினைத்து நடுங்குகிறார்கள் என்று சொல்ல வரவில்லை. கேட்காமல் தெரியாது என்கிறேன். மகளிடம் இந்த வாரம் பணத்தைப் பற்றிப் பேசாமல் ஒரு அரை மணி நேரம் பேசுங்கள்.

நிலமும் பெயரும்

இப்போது பத்திர விஷயம். நான் வழக்கறிஞர் இல்லை. ஆகவே நான் சொல்வதை வைத்து முடிவெடுக்காமல், சொத்து வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரிடம் கட்டணம் கொடுத்துக் கருத்துக் கேளுங்கள். 18 லட்சத்துக்கு முன்னால் அந்தக் கட்டணம் பெரிதல்ல. அவரிடம் இவற்றைக் கேளுங்கள்:

- வெளிநாட்டில் வேலை செய்யும் இந்தியர்கள் ஊரில் வீடு, வீட்டுமனை, கடை வாங்கலாம். ஆனால் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க அந்நியச் செலாவணி விதிகள் அவர்களுக்குப் பொதுவாக இடம் கொடுப்பதில்லை. பரம்பரைச் சொத்தாக வந்தால் அது வேறு. தென்னந்தோப்பு இந்த வகையில் விழ வாய்ப்பு அதிகம். ஆகவே 'பிறகு உன் பெயருக்கு எழுதித் தருகிறேன்' என்று அண்ணன் உண்மையான மனதோடு சொன்னாலும், நீங்கள் அங்கே வேலையில் இருக்கும் வரை அவரால் அதைச் செய்ய முடியுமா?
- உங்கள் பணத்தில், அண்ணன் பெயரில் மட்டும் வாங்கி, உள்ளுக்குள் உங்களுடையது என்று வாய்ப்பேச்சில் வைத்திருந்தால் அது பினாமிச் சட்டத்துக்குள் வருமா? உடன்பிறந்தோர் பெயர்கள் ஆவணத்தில் கூட்டு உரிமையாளர்களாகச் சேர்ந்து இருந்தால் அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் முதலில் சொன்ன விதி இருப்பதால், இந்த நிலத்தில் உங்கள் பெயரைச் சேர்ப்பதே சிக்கல்.
- நான்காவது பங்காளி கையெழுத்து இல்லாமல் கிரயம் நடந்தால் அவருடைய பங்கு என்ன ஆகும்? வில்லங்கச் சான்றும் தாய்ப்பத்திரமும் பட்டாவும் என்ன சொல்கின்றன? வண்டிப்பாதை யாருடைய இடத்தில் போகிறது?

அண்ணனுக்கு அன்பளிப்பாகப் பணம் கொடுப்பதில் தடையில்லை. அப்படிக் கொடுத்தால் தோப்பு அவருடையது, உங்களுடையது இல்லை. அதைத் தெளிவாக அறிந்து, உங்களால் தாங்கக்கூடிய ஒரு தொகையை அன்பாகக் கொடுக்கலாம். அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவில் எது அன்பளிப்பு, எது கடன், எது பங்கு என்பது எழுத்தில் இருக்க வேண்டும். சொத்தே வேண்டுமென்றால், பிள்ளைகள் படிக்கும் ஊரில் உங்கள் பெயரில் ஒரு வீட்டுமனை வாங்க வழி இருக்கிறது.

பெண் எழுந்து 'என் பெயர் எங்கே' என்று கேட்டால் அது முறுமுறுப்பு என்று சபையில் யாராவது சொன்னால், இதே எண்ணாகமத்தின் 27-ஆம் அதிகாரத்தைத் திறந்து காட்டுங்கள். மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். வனாந்தரத்தில் இறந்துபோன செலொப்பியாத்தின் ஐந்து மகள்கள். மோசே, ஆசாரியன், பிரபுக்கள், முழுச் சபை, எல்லோர் முன்னாலும் நின்று எங்கள் தகப்பனின் சகோதரருக்குள் எங்களுக்கும் காணியாட்சி, அதாவது நிலத்தில் பங்கு, வேண்டும் என்றார்கள். மோசே அதைக் கர்த்தரிடம் கொண்டுபோனார். அந்தப் பெண்கள் சொல்வது சரி என்று பதில் வந்தது, சட்டமே அதன்படி எழுதப்பட்டது. வேவுகாரரைப் பற்றி அவ்வளவு கறாராகப் பேசிய ராஷியே, அந்தத் தண்டனை பெண்கள்மேல் விழவில்லை என்று எழுதுகிறார். ஆண்கள் எகிப்துக்குத் திரும்பலாம் என்றபோது பெண்கள் எங்களுக்கு நிலம் கொடுங்கள் என்று கேட்டார்கள், அவர்களுக்கு அந்தத் தேசம் அவ்வளவு பிரியமாக இருந்தது என்பது அவர் சொல்லும் காரணம். இந்தப் பகுதியும் ஷெலாஹ் வாசித்த சில வாரங்களில் ஸாவ்தா வீட்டு மேசைக்கு வரும். பேரனிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இந்தத் தடவை உங்களுக்கும் பேச ஒரு விஷயம் இருக்கும்.

வனாந்தரம் யாருக்கு?

மூப்பர் சொன்னதில் உங்களை மிகவும் காயப்படுத்தியது கடைசி வரி என்று நினைக்கிறேன். விசுவாசம் இல்லாததால் வனாந்தரத்தில் அலைகிறாய் என்பது. அதற்குக் கதையிலேயே பதில் இருக்கிறது. காலேபும் அதே நாற்பது வருஷம் அலைந்தவர்தான். யோசுவாவும் அப்படியே. அவர்கள் இருவரும் நம்பினார்கள், எல்லோரும் கல் எடுத்தபோதும் நம்பினார்கள். ஆனாலும் மற்றவர்களோடு சேர்ந்து மணலில் நடந்தார்கள். வேவு பார்க்கப் போனபோது காலேபுக்கு வயது 40. எபிரோனைச் சுதந்தரமாகக் கேட்டபோது 85. இடைப்பட்ட ஆண்டுகளில் ஒருவர் காலேபைப் பார்த்து, உனக்கு விசுவாசம் இருந்தால் ஏன் இன்னும் இங்கே இருக்கிறாய் என்று கேட்டிருந்தால், அது எவ்வளவு அநியாயமான கேள்வியாக இருந்திருக்கும்! ஒருவர் எங்கே நிற்கிறார் என்பதை வைத்து அவருடைய விசுவாசத்தை அளக்க முடியாது.

நீங்கள் இஸ்ரேலில் இருப்பதற்குக் காரணம் கணவரின் மரணமும், இரண்டு பிள்ளைகளின் சாப்பாடும் படிப்பும். ஒரு முதியவரைக் குளிப்பாட்டி, உணவூட்டி, இரவில் எழுந்து பார்க்கும் வேலை அது. தண்டனை என்ற பெயரை அந்த ஆறு ஆண்டுகளுக்கு ஒட்டாதீர்கள்.

தண்டனை பெற்றவர்களைக்கூட கர்த்தர் கைவிடவில்லை என்பதும் அந்தப் பகுதியில் இருக்கிறது. மோசே வேண்டிக்கொண்டபோது, உன் வார்த்தையின்படியே மன்னித்தேன் என்று பதில் வந்தது. யூதர்கள் பாவநிவாரண நாள் தொடங்கும் இரவில் இன்றும் ஜெப ஆலயத்தில் அந்த வார்த்தைகளைச் சொல்கிறார்கள். அதற்கு அடுத்த அதிகாரமே, நீங்கள் அந்தத் தேசத்தில் போய்ச் சேரும்போது என்று தொடங்கும் கட்டளைகள். பிசைந்த மாவில் முதல் பங்கை எடுத்து வைக்கும் கட்டளையும் அங்கேதான். வெள்ளிக்கிழமை ரொட்டிக்கு மாவு பிசையும்போது அந்த வீட்டில் ஒரு சிறு துண்டைத் தனியே எடுத்து வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்டனை கேட்டு அழுத ஜனத்துக்கு, 'போய்ச் சேரும்போது' என்று அடுத்த பக்கத்திலேயே சொல்லப்பட்டிருக்கிறது. பிள்ளைகள் நிச்சயம் போய்ச் சேருவார்கள் என்பதற்கான உறுதி அது என்று உரையாசிரியர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

சரி, இந்த வாரம் என்ன செய்வது? அண்ணனுக்குத் தனியாகப் போன் செய்யுங்கள், எடுக்காவிட்டால் குரல் பதிவு அனுப்புங்கள். "அண்ணா, குழுவில் போட்டது என் தப்பு, மன்னிச்சிடுங்க. தோப்பைப் பற்றிக் கேட்டது தப்பில்லை. வக்கீலிடம் காகிதங்களைக் காட்டிவிட்டுப் பேசலாம், அதுவரை பணம் அனுப்பமாட்டேன்" என்று சொன்னால் போதும். காகிதங்களைக் காட்ட அவர் சம்மதித்தால் பாதி வழி வந்துவிட்டீர்கள். அட்வான்ஸைத் திரும்ப வாங்க முடியுமா என்பதையும் அதே வழக்கறிஞரிடம் கேட்கச் சொல்லுங்கள். அந்த 2 லட்சத்தை எண்ணித்தான் அவர் பதறுகிறாரோ என்னவோ. மூப்பருக்கு நீண்ட விளக்கம் வேண்டாம். "ஐயா, ஜெபித்துக்கொள்ளுங்கள், காகிதம் சரிபார்த்த பிறகு முடிவு செய்கிறேன்" என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். மறுபடியும் சாபம், தண்டனை என்று பேச்சு வந்தால் போனை வைத்துவிடலாம்.

தூக்கம் இன்னும் இரண்டு வாரத்தில் சரியாகாவிட்டால் அங்கேயே மருத்துவரைப் பாருங்கள். இரவில் ஸாவ்தாவுக்காக எழும் வேலையில் இருப்பவர் நீங்கள், தூக்கமின்மையைத் தள்ளிப்போடக் கூடாது. வழக்கறிஞர் சொன்னதை எனக்கு எழுதுங்கள். மகளின் கல்லூரிச் செலவுக்கு அந்த 18 லட்சத்தில் எவ்வளவு ஒதுக்குவது என்பதை அதற்கு அப்புறம் பேசலாம்.